உயர்த்திய ஜீப்பில் ஸ்டீயரிங்: ராடின் தடிமனுக்கு முன் கோணத்தைப் பாருங்கள்

வண்டியை நாலு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட், 35 அங்குல டயர் போட்ட ஒரு ஜீப் ரேங்ளர் ஜேகே நேர்ச் சாலையில் போகிறது. சின்னப் பள்ளம் ஒன்று வருகிறது. ஓட்டுநர் கையை அசைக்கவே இல்லை, ஆனால் வண்டி ஒரு பக்கம் வெட்டிவிட்டுத் திரும்புகிறது. இதைக் கண்ட உடனே பலரும் தடிமனான டை ராடு ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். போட்ட பிறகும் வண்டி அதே இடத்தில் வெட்டும். பழைய ராடு மெலிந்திருந்ததால் வண்டி வெட்டவில்லை. வண்டியை உயர்த்தியபோது ராடுகளின் கோணம் கெட்டதுதான் காரணம்.

இந்தக் கட்டுரைக்கு 2007 முதல் 2018 வரையிலான ஜேகே மாடலை எடுத்துக்கொள்கிறோம். முன்னால் ஒரே துண்டான ஆக்சில், காயில் ஸ்பிரிங். அமெரிக்காவில் ஏராளமானோர் இதை வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பூட்டுகிறார்கள். இது இடது பக்க ஸ்டீயரிங் வண்டி. வலது பக்க ஸ்டீயரிங் வண்டிக்கு நாம் சொல்லும் இடம் வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்து மூன்று ராடுகளை அடையாளம் காணுங்கள்.

சேஸிஸின் இடது ஓரத்தில் ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும். அதன் அடியில் பிட்மேன் ஆர்ம் என்ற சின்னக் கை தொங்கும். அந்தக் கையிலிருந்து கிளம்பி, குறுக்காகச் சரிந்து வலது சக்கர நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கி, அதோடு சேர்ந்து திரும்பும் பாகம்) போய்ச் சேர்வது டிராக் லிங்க். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தள்ளுவதும் இழுப்பதும் இதுதான். வலது நக்கிளிலிருந்து இடது நக்கிளுக்குப் படுக்கையாகப் போவது டை ராடு. இரண்டு சக்கரமும் ஒன்றாகத் திரும்புவது இதனால்தான்.

மூன்றாவது ராடு ஸ்டீயரிங்கைத் திருப்புவதே இல்லை. அதன் ஒரு முனை சேஸிஸின் இடப்பக்கத்திலும் மறுமுனை ஆக்சிலின் வலப்பக்கத்திலும் பூட்டியிருக்கும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அமெரிக்கர்கள் இதை ட்ராக் பார் என்பார்கள். தமிழில் எழுதினால் டிராக் லிங்க்கும் ட்ராக் பாரும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும், மெக்கானிக்கிடம் சொல்லும்போதும் குழப்பம் வரும். அதனால் இதற்கு உள்ள இன்னொரு பெயரான பேனார்ட் ராடு என்பதையே இங்கே பயன்படுத்துகிறோம்.

டிராக் லிங்க்கும் பேனார்ட் ராடும் ஒரே திசையில் ஒரே சரிவில் ஓடுவதைக் கவனியுங்கள். இந்தக் கட்டுரையின் மையமே அதுதான். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஆக்சில் நேர்ச் செங்குத்தாக நகர்வதில்லை. பேனார்ட் ராடு ஒரு முனையில் பூட்டப்பட்டிருப்பதால் ஆக்சில் ஒரு வில்லில் நகரும், அதாவது கொஞ்சம் பக்கவாட்டிலும் போகும். டிராக் லிங்க்கின் முனையும் தனக்குரிய வில்லில் நகரும். இரண்டு வில்லும் ஒன்றாக இருந்தால் நக்கிளும் ஆக்சிலும் சேர்ந்தே நகரும், சக்கரம் திரும்பாது. வில்கள் வேறுபட்டால் ஆக்சில் ஓர் அளவும் நக்கிளின் கை வேறோர் அளவும் நகரும். அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்பிவிடும். இதற்கு பம்ப் ஸ்டியர் என்று பெயர்.

லிஃப்ட் போட்டால் இது ஏன் மோசமாகிறது என்பதை ஒரு கணக்கால் பார்த்துவிடலாம். உதாரணத்துக்கு 850 மி.மீ. நீளமுள்ள ராடு. கம்பெனி உயரத்தில் அதன் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் 150 மி.மீ. உயர வித்தியாசம். சரிவு சுமார் 10 டிகிரி. சக்கரம் 50 மி.மீ. மேலே ஏறினால் கீழ்முனை பக்கவாட்டில் ஏறக்குறைய 7 மி.மீ. நகரும். இப்போது 100 மி.மீ. லிஃப்ட் போடுங்கள். வித்தியாசம் 250 மி.மீ. ஆகிறது, சரிவு 17 டிகிரி. அதே 50 மி.மீ. ஏற்றத்துக்குக் கீழ்முனை இப்போது சுமார் 14 மி.மீ. நகரும். பள்ளம் அதேதான், பக்கவாட்டு நகர்வு மட்டும் இரட்டிப்பு. இரண்டு ராடும் இதே அளவு நகர்ந்தால் சக்கரம் திரும்பாது, ஆனால் வண்டியின் முன்பகுதி பக்கவாட்டில் உதறும். ஒன்று மட்டும் நகர்ந்தால் அந்த வித்தியாசம் முழுக்க ஸ்டீயரிங்கில் தெரியும்.

ஆக, செய்ய வேண்டியவை இரண்டு: ராடுகளைத் திரும்பவும் தாழ்ந்த சரிவுக்குக் கொண்டுவருவது, இரண்டையும் சேர்த்தே கொண்டுவருவது. இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம். நீளமாகத் தொங்கும் டிராப் பிட்மேன் ஆர்ம் ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டால் டிராக் லிங்க் படுக்கையாகிவிடும், பேனார்ட் ராடு பழைய சரிவிலேயே நிற்கும். பம்ப் ஸ்டியர் முன்பைவிடக் கூடும். ஜோடி சேர்க்கும் விதி எளிது. பிட்மேன் பக்கத்தைத் தாழ்த்தினால் பேனார்ட் ராடின் சேஸிஸ் முனையையும் தாழ்த்துங்கள். நக்கிள் பக்கத்தில் டிராக் லிங்க்கை உயர்த்தினால் பேனார்ட் ராடின் ஆக்சில் முனையையும் அதே அளவு உயர்த்துங்கள். ஒரு ஜோடியிலிருந்து ஒன்றும் மறு ஜோடியிலிருந்து ஒன்றுமாகக் கலக்கவே கூடாது.

இரண்டு வழிகளில் ஜேகேக்கு நாங்கள் பரிந்துரைப்பது இரண்டாவதை. பிட்மேன் கை நீளமாக இறங்கினால் ஸ்டீயரிங் பாக்ஸின் செக்டர் ஷாஃப்ட்டை (பிட்மேன் கையைச் சுழற்றும் தண்டு) முறுக்கும் விசை கூடும். தொங்கும் சேஸிஸ் பிராக்கெட்டும் ஒரு நெம்புகோல்போல் தன் வெல்டைத் தானே பிளக்கப் பார்க்கும். ஆக்சில் பக்கத்தை உயர்த்தினால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: முன்பகுதியின் உருள் மையம் (உடல் சாயும்போது எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) உயர்வதால் வளைவுகளில் உடல் சாய்வது குறையும். இரண்டரை அங்குலம் வரையிலான லிஃப்ட்டுக்கு இவ்வளவு வேலை தேவையில்லை. நீளம் மாற்றக்கூடிய பேனார்ட் ராடு ஒன்று, பிறகு டிராக் லிங்க்கை அட்ஜஸ்ட் செய்தல், அவ்வளவுதான். மூன்றரை அங்குலத்தைத் தாண்டினால் ஆக்சில் பக்கத்தை உயர்த்துவதைப் பற்றி யோசியுங்கள்.

வாங்குவதற்கு முன் ஆட்டத்தைத் தேடுங்கள்

புதுப் பாகம் எதையும் வாங்கும் முன் பழைய மூட்டுகளைச் சோதியுங்கள். வண்டி சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு ஹேண்ட் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கால் சுற்றுக்கும் குறைவாக, தொடர்ந்து ஆட்ட வேண்டும். மற்றவர் முன்னால் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும், விரலை இடுக்கில் விடக் கூடாது. பிட்மேன் முனை, டிராக் லிங்க்கின் நக்கிள் முனை, டை ராடின் இரு முனைகள், பேனார்ட் ராடின் இரு போல்ட்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் பூட்டிய இடம் என்று வரிசையாகப் போங்கள். ராடு பக்கவாட்டில் போகும்போது பால் ஜாயின்ட்டின் தலை மேலும் கீழும் குதித்தால் அது தேய்ந்துவிட்டது. போல்ட் நகராமல் பிராக்கெட் மட்டும் நகர்ந்தால் துளை நீண்டுவிட்டது.

ஜேகேயில் அந்தக் கடைசிக் குறை மிகச் சாதாரணம். பேனார்ட் ராடின் போல்ட் 14 மி.மீ. அதைச் சரியான இறுக்கத்தில் பூட்டாமல் ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் போல்ட் துளையை இடித்து முட்டை வடிவமாக்கிவிடும். இங்கே சுமையைத் தாங்க வேண்டியது போல்ட்டின் உடம்பு அல்ல. இறுக்கத்தால் பிராக்கெட்டுக்கும் புஷ்ஷின் (ராடு முனையில் உள்ள ரப்பர் உறை) உள் குழாய்க்கும் இடையில் வரும் உராய்வுதான் தாங்க வேண்டும். அந்தப் போல்ட்டின் இறுக்கம் 125 அடி-பவுண்டு, அதாவது சுமார் 169 நியூட்டன் மீட்டர். கை மதிப்பில் இறுக்கும் இடம் இது இல்லை, டார்க் ரெஞ்ச் கட்டாயம். துளை லேசாக நீண்டிருந்தால் 14.3 மி.மீ. வரும் ஒன்பது-பதினாறு அங்குல போல்ட்டுக்குச் சரியாகத் துளைத்து, கிரேடு 8 போல்ட் போடுவார்கள். நிறைய நீண்டிருந்தால் தடித்த வாஷர் வெல்ட் செய்ய வேண்டும், அல்லது பிராக்கெட்டையே மாற்ற வேண்டும்.

மணிக்கு 70 முதல் 90 கி.மீ. வேகத்தில் ஏதோ ஒரு பள்ளத்தைத் தட்டியதும் முன்சக்கரங்கள் இரண்டும் பேய் பிடித்ததுபோல் உதறி, வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். டெத் வாபிள் என்று இதைச் சொல்வார்கள். இதற்குக் காரணமாக அதிகம் சிக்குவது பேனார்ட் ராடின் லூஸான போல்ட்டும் தேய்ந்த புஷ்ஷும்தான். ஸ்டீயரிங் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பரான ஸ்டீயரிங் டேம்பரைப் பெரியதாக மாற்றினால் உதறல் சில நாள் மறையும். மறைவதைச் சரியானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடியில் துளை இன்னும் நீண்டுகொண்டுதான் இருக்கும். டேம்பரைக் கழற்றிவிட்டும் வண்டி உதறாமல் ஓட வேண்டும், அப்போதுதான் மூட்டுகள் சரியாக இருக்கின்றன என்று சொல்லலாம்.

என்னென்ன வாங்குவது

நாலு அங்குல லிஃப்ட்டுக்கு: டிராக் லிங்க்கை நக்கிளின் மேலே பூட்டும் ஃப்ளிப் கிட் ஒன்று, அதற்குரிய டேப்பர் (கூம்புச் சரிவு) ஸ்லீவுடன், பேனார்ட் ராடின் ஆக்சில் முனையை உயர்த்தும் பிராக்கெட், நீளம் மாற்றக்கூடிய பேனார்ட் ராடு, உடன் வலுவான டை ராடு. கம்பெனி டை ராடு பாறையில் இடித்தால் வளையும். அது ஆக்சிலுக்கு முன்னால் இருப்பதால், வளைந்து குறுகும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே இழுக்கப்பட்டு டயர் ஓரம் தேயும். நீங்களே குழாய் வெட்டிச் செய்வதானால் ஒன்றரை அங்குல வெளிவிட்டமும் கால் அங்குலச் சுவரும் உள்ள டிஓஎம் குழாயை (உள்ளே அச்சு வைத்து இழுத்துச் செய்த எஃகுக் குழாய்) எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் சரியாக ஓர் அங்குலம் வரும், ஏழு-எட்டு அங்குல மரையுள்ள ஒரு டன் டிரக் டை ராடு எண்டுகளுக்கான (முனை மூட்டுகள்) வெல்ட் மரைத் துண்டுகள் அதில் அமரும். ஆனால் அந்த எண்டுகளின் டேப்பரும் ஜேகே நக்கிளின் டேப்பரும் ஒன்றா என்று பார்க்காமல் பூட்டாதீர்கள். அந்த எண்டுகளுக்கு அடிக்கு ஒன்றரை அங்குலம் சரியும் ரீமர் (துளையைக் கூம்பாகச் சீவும் கருவி) வேண்டும். முதல் தடவை செய்கிறவர்கள் ஜேகேக்கென்றே தயாரான ராடை வாங்கிவிடுவது நல்லது. ஸ்டீயரிங் ராடின் வெல்ட் விட்டுப்போனால் பிரேக் இருந்தும் பயனில்லை.

ஹைம் ஜாயின்ட் (திறந்த உலோகப் பந்து மூட்டு) வைத்த ராடுகளும் கிடைக்கும். அவை அதிகக் கோணத்துக்கு வளையும், பாறை ஏற்றத்துக்கு அருமை. தூசியைத் தடுக்கும் ரப்பர் பூட் இல்லாததால் மணலும் சேறும் நேராக உள்ளே போகும், சீக்கிரம் தட்டத் தொடங்கும். தினசரி சாலையில் ஓடும் வண்டிக்குக் கிரீஸ் நிப்பிள் உள்ள டை ராடு எண்டே போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வேலை

முன்சக்கரங்களை நேராக வைத்து, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்டீயரிங் சுழலாதபடி சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள். டிராக் லிங்க்கைக் கழற்றிய பின் ஸ்டீயரிங் தன் போக்கில் சுற்றினால் அதனுள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் கேபிள் அறுந்துவிடும். ஏர்பேக்கும் ஹார்னும் அதன் வழியாகத்தான் வேலை செய்கின்றன. பிறகு வண்டியைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, ஆக்சிலைத் தனி ஜாக்கியில் தாங்குங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

டை ராடு எண்டைக் கழற்ற, நட்டைச் சுழலாமல் பூட்டும் கோட்டர் பின்னை எடுத்து, நட்டை முழுதும் கழற்றாமல் மூன்று மரையில் நிறுத்துங்கள். ராடு திடீரென்று விழுந்து முகத்தில் அடிக்காமல் இருக்க இது. புல்லர் போடுங்கள். இல்லையென்றால் நக்கிளின் துளையைச் சுற்றியுள்ள தடித்த பகுதியைப் பக்கவாட்டில் சுத்தியலால் பலமாக இரண்டு தட்டு தட்டினால் டேப்பர் விடுபடும். போல்ட்டின் நுனியைத் தட்டாதீர்கள், மரை நசுங்கும். கவை போன்ற பிரிப்பான் ரப்பர் பூட்டைக் கிழித்துவிடும் என்பதால் தூக்கியெறியப்போகும் எண்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்ததுதான் திரும்பிப் போக முடியாத கட்டம். நக்கிளின் துளை கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும், ஏனென்றால் டிராக் லிங்க் கீழிருந்து நுழைந்தது. மேலிருந்து நுழைய வேண்டுமானால் துளையை நேராக்கி, அகலம் மேலே வருமாறு ஸ்லீவைச் செருக வேண்டும். வழக்கமாக முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. துளை. கிட்டின் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மெதுவான வேகம், நிறைய கட்டிங் ஆயில், இரு கையாலும் பிடிக்கும் டிரில். டிரில் சாய்ந்து துளை முட்டை வடிவமானால் ஸ்லீவ் ஆடும், நக்கிளையே மாற்ற வேண்டி வரும். ஸ்லீவ் கையால் தள்ள இறுக்கமாகப் போய் அமர வேண்டும்.

டேப்பர் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: எண்டின் டேப்பரில் மார்க்கரால் நீளவாக்கில் நான்கு கோடு போட்டு, உள்ளே அழுத்தி, லேசாகத் திருப்பி எடுங்கள். கோடு முழு நீளத்திலும் அழிந்திருந்தால் சரி. மேலேயோ கீழேயோ மட்டும் அழிந்தால் டேப்பர் பொருந்தவில்லை, அந்தப் பாகத்தை ஓட்டக் கூடாது. நட்டை இறுக்கும்போது போல்ட் சேர்ந்து சுற்றினால், எண்டின் தலையை டேப்பருக்குள் கிளாம்ப்பால் அழுத்திக்கொண்டு இறுக்குங்கள். கோட்டர் பின் துளை சேரவில்லையென்றால் இன்னும் இறுக்கித்தான் சேர்க்க வேண்டும். ஒருபோதும் தளர்த்திச் சேர்க்காதீர்கள்.

பேனார்ட் பிராக்கெட்டை ஆக்சிலில் போல்ட்டோடு நிறுத்தாமல் வெல்டும் செய்வது நல்லது, உயரமான பிராக்கெட்டின் மீது நெம்பும் விசை அதிகம். வெல்ட் செய்யும்போது பேட்டரியைக் கழற்றுங்கள், காயில் ஸ்பிரிங்கில் பொறி படாமல் மூடுங்கள். பேனார்ட் ராடின் போல்ட்களைக் கையால் மட்டும் மாட்டி விட்டுவிடுங்கள். கடைசி இறுக்கத்தை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே உறைந்து, சீக்கிரம் கிழியும்.

அளவுகளைச் சரிசெய்யும் வரிசை

வரிசை மாறினால் ஒரே வேலையை இருமுறை செய்வீர்கள். முதலில் பேனார்ட் ராடு. லிஃப்ட்டுக்குப் பிறகு ஆக்சில் இடப்பக்கம் தள்ளிப் போயிருக்கும். சேஸிஸிலிருந்து இரு டயர்களின் வெளி ஓரத்துக்கு அளந்து, ராடின் நீளத்தைக் கூட்டி, ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சரிசெய்யும் மரை, தன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். 22 மி.மீ. மரையென்றால் 33 மி.மீ.

அடுத்தது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, சாக்பீஸை அசையாமல் பிடித்து டயரின் நடுவில் ஒரு கோடு வரையுங்கள். இறக்கி, வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். சக்கரத்தின் மைய உயரத்தில், டயரின் முன்பக்கக் கோடுகளுக்கு இடையிலும் பின்பக்கக் கோடுகளுக்கு இடையிலும் டேப்பால் அளங்கள். முன்பக்கம் 1.5 முதல் 3 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இந்த ஆக்சிலில் டை ராடை நீட்டினால் முன்பக்கம் விரியும், குறைத்தால் ஒடுங்கும். லாக் நட்டை இறுக்கும் முன் இரு முனை எண்டுகளும் ஒரே சாய்வில் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் ராடு தன் அச்சில் புரண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டும்.

ஸ்டீயரிங்கை நேராக்குவது கடைசி. வண்டியை நேராக ஓட்டி நிறுத்தி, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று பார்த்து, டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றுங்கள். ஜேகேயில் இதை அழகுக்கான வேலையாக நினைக்கக் கூடாது. வண்டி வழுக்காமல் காக்கும் ஈஎஸ்பி மின்னணு அமைப்பு ஸ்டீயரிங் கோண சென்சாரை நம்பி இயங்குகிறது. ஸ்டீயரிங் கோணலாக இருந்தால் வண்டி வழுக்குவதாக அது தப்பாகப் புரிந்துகொண்டு, நேர்ச் சாலையிலேயே பிரேக் பிடிக்கவும் இன்ஜின் விசையைக் குறைக்கவும் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி அலைந்தால், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராவிட்டால், காஸ்டரைப் பாருங்கள், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். கம்பெனி அளவு சுமார் 4.2 டிகிரி. லிஃப்ட் அதைக் குறைத்துவிடும். ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய கீழ் கன்ட்ரோல் ஆர்ம்களால் திரும்பப் பெறலாம். ஆனால் காஸ்டரைக் கூட்டும்போது முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கி, முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கோணம் மோசமாகும். அதனால் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸின் மேல் உள்ள அட்ஜஸ்ட் திருகைத் திருகி ஆட்டத்தைப் போக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. பெரும்பாலும் ஆட்டம் வேறெங்கோ இருக்கும், திருகை அதிகம் இறுக்கினால் பாக்ஸ் நடுவில் சிக்கித் தேயும். அதைத் தொடாதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன் இடிபாடு சோதனை. முழு இடமும் முழு வலமும் திருப்புங்கள், ரிம்மில் டிராக் லிங்க் உரசுகிறதா? கம்பெனி ரிம் உள்பக்கம் ஆழமாக அமர்வதால், மேலே ஏறிய டிராக் லிங்க் அதில் படலாம். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் முழுக்க மேலே அழுத்துங்கள், அடுத்து மறுபக்கம். டிராக் லிங்க் சேஸிஸிலோ பேனார்ட் ராடிலோ இடித்தால், அந்த இடைவெளி கிடைக்கும் அளவுக்கு பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் மேலே ஏறுவதை ஓர் எல்லையில் நிறுத்தும் தடுப்பு) நீட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்களுக்குத் தெரியவருவது காட்டுப் பாதையின் முதல் பெரிய பள்ளத்தில்தான்.

இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை முன்பே அறிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் வடிவத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் கைவைக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

முதல் ஓட்டத்தைக் காலியான சாலையில், 30, 50, 70 கி.மீ. என்று படிப்படியாக வேகம் கூட்டிச் செய்யுங்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிராக்கெட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 80 கி.மீ. ஓடியதும் திரும்பவும் அடியில் படுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருக்கும் இடத்தில் நட் நகர்ந்திருக்கிறது. எல்லாக் கோடும் நேராக இருந்தாலும் பேனார்ட் ராடின் இரு போல்ட்களிலும் டார்க் ரெஞ்ச்சை இன்னொரு முறை வையுங்கள்.